தாமதமாக ஒரு திருத்தம்

கலேவெல எங்கே இருக்கிறது என்று புலம்பெயர்ந்த வாசகர்கள் சிலர் கேட்பதுண்டு. குருணாகலிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் ஏ-6 நெடுஞ்சாலையில், தம்புள்ளைக்கு இருபது கிலோமீற்றருக்கு உட்பட்ட தூரத்தில் இருக்கும் சிறு நகரம் அது. வஹாகோட்டை அந்தோனியார் கோயிலுக்குப் போனவர்கள் பெயரையாவது கேள்விப்பட்டிருப்பார்கள். மாவட்டம் மாத்தளை என்றாலும் மலைநாட்டுக் குளிர் அங்கே இல்லை. நெல்லும் வெங்காயமும் மரக்கறியும் விளையும் வரண்ட மண். தேவஹுவ குளத்தில் தண்ணீர் இருந்தால் ஊருக்கு முகம் மலரும், இல்லையென்றால் வாடும். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் மூவரும் அருகருகே கடை வைத்திருக்கும் கடைத்தெரு. மலைநாட்டைப் போல் மூச்சு வாங்கும் ஏற்றங்கள் அதிகம் இல்லாததால், நான் சிறுவனாக இருந்த காலத்தில் வீட்டுக்கு வீடு சைக்கிள் இருந்தது.

இவ்வாண்டு மார்ச் மாதக் கடைசியில் ஒரு வார விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். போன மறுநாள் காலையில் மச்சானின் மகன் வந்தான். மச்சான் என்றால் என் தாய்மாமனின் மகன். என்னைவிட மூன்று வயது மூத்தவன். மருமகனின் கையில் ஓர் அரிசிச் சாக்கு. அதற்குள் இரண்டு பந்தயச் சில்லுகள். கூடவே, இத்தாலியில் வேலை செய்யும் சின்னம்மா அனுப்பிய இரண்டு புதிய டியூபுலர் டயர்கள், ஒரு குழாய்ப் பசை.

"மாமா, சின்ன வயசுல நீங்க சைக்கிள் கடையில வேல பழகினீங்கன்னு அப்பா சொன்னாரு. புதுவருஷ ரேசுக்கு இத ஒட்டித் தருவீங்களா?"

அவன் கேட்டது சாதாரணமான ஓர் உதவிதான். எனக்கோ பதில் சொல்லச் சற்று நேரம் பிடித்தது. அதற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

* * *

முதலில் டியூபுலர் டயர் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நாம் அன்றாடம் பார்க்கும் சைக்கிள் டயரின் இரு ஓரங்களிலும் கம்பி ஓடும். ரிம்மின் விளிம்பு அந்தக் கம்பியைக் கவ்விக்கொள்ளும். டியூப் உள்ளே தனியாகக் கிடக்கும். பந்தயத்துக்கான டியூபுலர் டயரின் அமைப்பு வேறு. மெல்லிய டியூப்பைச் சுற்றித் துணியை வளைத்து, அடிப்பக்கத்தில் தைத்து மூடி, தையலின் மேல் ஒரு துணிப்பட்டியை ஒட்டியிருப்பார்கள். மொத்தத்தில் அது ஒரு மூடிய குழாய். அதைத் தாங்கும் ரிம்மில் கவ்விக்கொள்ளும் விளிம்பு கிடையாது. ஆழமற்ற ஒரு வாய்க்கால்போலக் குழிந்த படுகை மட்டுமே உண்டு. டயர் அந்தப் படுகையில் நிற்பது பசையால்.

பாரம் குறைவு, அதிகக் காற்றழுத்தத்தைத் தாங்கும், பஞ்சரானாலும் ரிம்மை விட்டுச் சட்டென்று கழன்றுவிடாது என்பதால் நூறாண்டுக்கும் மேலாகப் பந்தயக்காரர்கள் இதையே விரும்பினார்கள். உண்மையில் காற்றடைத்த டயரின் வரலாறே ஒட்டுவதில்தான் தொடங்குகிறது. 1888இல் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை வைத்தியராக இருந்த ஜோன் டன்லொப் காப்புரிமை பெற்ற டயர், சில்லோடு நிலையாகப் பிணைக்கப்பட்டது. கழற்றி மாட்டக்கூடிய டயரை 1891இல் மிஷலின் சகோதரர்கள் கொண்டுவந்தார்கள். அந்த இறப்பருக்கு நமக்கும் ஓர் உறவு உண்டு. ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற விதைகள் 1876இல் லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்கவைக்கப்பட்டன. அவற்றில் சுமார் 1,900 கன்றுகள் அதே ஆண்டு இலங்கைக்குக் கப்பலேறி, கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடை தோட்டத்தில் நடப்பட்டன.

கடந்த சில ஆண்டுகளில் ஐரோப்பியத் தொழில்முறைப் பந்தயக்காரர்கள் பெரும்பாலும் டியூப் இல்லாத டயருக்கு மாறிவிட்டார்கள். அதனால் பழைய டியூபுலர் சில்லுகள் மலிவாகக் கைமாறுகின்றன. மருமகன் கையில் இருந்தவை அப்படிக் கொழும்பில் வாங்கியவை. அவன் சைக்கிளில் ஏறியதே 2022இன் எரிபொருள் நெருக்கடியில்தான். அவ்வாண்டு ஜூன் 27 நள்ளிரவிலிருந்து ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். டியூஷன் வகுப்புக்குப் போகத் தகப்பனின் பழைய சைக்கிளைத் தூசு தட்டி எடுத்தவன், வரிசைகள் முடிந்த பின்பும் அதை விடவில்லை.

* * *

நான் வேலை பழகிய கடை கலேவெல கடைத்தெருவின் ஓரத்தில், பலகைக் கதவு போட்ட ஓர் அறை. அதை நடத்தியவர் சிங்களவர். தொழில் தெரிந்த எவரையும் எங்கள் பக்கத்தில் 'பாஸ்' என்றே அழைப்போம். அவரும் எல்லோருக்கும் பாஸ். சாதாரணதரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்காகக் காத்திருந்த காலத்தில், வீட்டில் சும்மா இருக்க வேண்டாம் என்று அப்பா என்னை அங்கே கொண்டுபோய் விட்டார். அது 1986ஆம் ஆண்டு. எனக்குப் பதினாறு வயது.

பஞ்சர் ஒட்டுவது, செயின் கழுவுவது, சில்லுக் கம்பி கட்டுவது என்று நாள் முழுக்க வேலை இருக்கும். ஆனால் பாஸின் பெருமை பந்தய சைக்கிள்கள்தான். சித்திரைப் புதுவருடம் வந்தால் எங்கள் பகுதிக் கிராமங்களில் வழுக்குமரம், தலையணைச் சண்டை, யானைக்குக் கண் வைத்தல் ஆகியவற்றோடு சைக்கிள் ஓட்டமும் கட்டாயம். சாதாரண சைக்கிள்களுக்கு ஓர் ஓட்டம், பந்தய சைக்கிள்களுக்கு இன்னோர் ஓட்டம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் நம் நாட்டுக்காகச் சைக்கிள் ஓட்டிய மொரிஸ் குமாரவேலின் பெயரைப் பாஸ் அடிக்கடி சொல்வார். அவரைப் போல் ஒருவனாவது தன் கடையிலிருந்து புறப்பட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த ஆசையை அவர் வைத்திருந்தது என் மச்சான்மேல்.

டியூபுலர் டயர் ஒட்டும் வேலையில் முக்கால் பங்கு, பசைத் தகரத்தைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும் என்பார் பாஸ். அந்த முக்கால் பங்குதான் ரிம்மைத் தயார் செய்வது. டயர் வாங்கியவன் அதைப் பார்க்கமாட்டான். பந்தயம் பார்க்க வந்தவனுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

* * *

மருமகனிடம், "நாலு நாள் வேணும். சரின்னா ஒட்டித் தாறேன்" என்றேன். ஒரு டயருக்கு நாலு நாளா என்று அவன் முகம் கேட்டது. வாய் கேட்கவில்லை.

முதல் நாள் முழுதும் சுரண்டுவதிலேயே போயிற்று. யாரோ ஒருவர் என்றோ பூசிய பசை, தேயிலைச் சாயம்போலக் கருஞ்சிவப்பாக இறுகி, சில இடங்களில் தடித்தும் சில இடங்களில் வெடித்தும் கிடந்தது. பழைய பசையை எப்போதும் முழுதாக நீக்கத்தான் வேண்டும் என்பதில்லை. நாமே பூசியது, மெல்லியதாகச் சமமாக இருக்கிறது, நகத்தால் கீறினாலும் உரிந்து வரவில்லை என்றால் அதன்மேலேயே புதிய பசை பூசலாம். இது யாருடைய பசை, என்ன பசை, எத்தனை ஆண்டு என்று எதுவும் தெரியாதபோது உலோகம் தெரியும்வரை எடுத்துவிடுவதே பாதுகாப்பு. அசற்றோனில் நனைத்த துணிப்பட்டியைப் படுகைமேல் சுற்றிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மழுங்கிய மரத்துண்டால் தள்ளித் தள்ளி எடுக்க வேண்டும். கதவு ஜன்னலைத் திறந்துவைத்து, நெருப்புப் பக்கமே போகாமல் செய்ய வேண்டிய வேலை. கூரிய கத்தியை வைத்தால் அலுமினியத்தில் கீறல் விழும். கீறல் பிற்காலத்தில் வெடிப்பாகும். (கார்பன் ரிம் என்றால் இந்த வழி பொருந்தாது. கடுமையான கரைப்பானும் சுரண்டலும் அதன் நாரைக் கெடுத்துவிடும். செய்தவர்கள் சொன்ன முறையைத்தான் பின்பற்ற வேண்டும்.)

பசை போன பிறகு ரிம்மை வெளிச்சத்தில் பிடித்துக் கம்பித் துளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வெடிப்பு தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான். துளை ஓரத்தில் பிசிறு இருந்தால் டயரின் அடித்துணியை அறுக்கும். அதை அரத்தால் நீவிவிட வேண்டும். பிறகு சில்லைச் சுற்றவிட்டுக் கோணலை எடுத்தேன். இது ஒட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டிய காரியம். கம்பியின் தலை உடைந்தால் அதை மாற்ற வழி படுகைக்குள்தான் இருக்கிறது. டயரை ஒட்டிய பிறகு அதை மாற்றுவதென்றால் எல்லாவற்றையும் பிய்த்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

அன்று மாலை, புதிய டயர்களைப் பசையில்லாமலே ரிம்மில் ஏற்றிக் காற்றடித்து வைத்தோம். புதிய டியூபுலர் இறுக்கமாக இருக்கும். ஒரு நாளாவது ரிம்மில் கிடந்து இழுபட வேண்டும். இல்லையென்றால் பசை பூசிய பிறகு அதோடு மல்லுக்கட்டி, பசையைச் சட்டையிலும் தாடியிலும் பூசிக்கொள்ள வேண்டியிருக்கும். அளவோடு இழுபட்டால் போதும். 1951 டூர் டி பிரான்ஸில் மஞ்சள் உடை அணிந்த முதல் ஒல்லாந்தர் விம் வான் எஸ்ட், பிரெனீஸ் மலையில் ஒபிஸ்க் கணவாயிலிருந்து இறங்கும்போது பள்ளத்தில் விழுந்தார். கயிறு போதவில்லை. குழுவினர் தங்களிடமிருந்த சுமார் நாற்பது டியூபுலர் டயர்களை ஒன்றோடொன்று முடிந்து இறக்கி அவரை மேலே தூக்கினார்கள். மனிதர் பிழைத்துக்கொண்டார். ஆனால் இழுபட்ட டயர்கள் பிறகு எந்த ரிம்மிலும் நிற்கவில்லை. குழுவே பந்தயத்திலிருந்து விலக நேர்ந்தது. பாஸ் இந்தக் கதையைக் கேட்டிருந்தால் எத்தனை முறை சொல்லியிருப்பாரோ!

இரண்டாம் நாள் டயரைக் கழற்றிவிட்டு, எமரிக் கடதாசியால் படுகையைத் தேய்த்தேன். பளபளப்பு மங்க வேண்டும். பளபளக்கும் பரப்பைப் பசை பிடிக்காது. கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு சொரசொரப்பில்தான் அது வேர்விடும். பிரேக் பிடிக்கும் பக்கங்களில் பசை படாதபடி ஒட்டுநாடா ஒட்டினேன். பிறகு துடைப்பது. இந்தக் கட்டம் வந்ததும் மருமகனைத் தேநீர் வாங்கிவர அனுப்பிவிட்டு நான் தனியாகச் செய்தேன். வெள்ளைத் துணியை அசற்றோனில் நனைத்து ஒரு சுற்று. துணி கறுத்தது. துணியை மாற்றி இன்னொரு சுற்று. சாம்பல் நிறம். மறுபடி மாற்றி இன்னொரு சுற்று. துடைத்த துணி, எடுத்த வெள்ளையாகவே திரும்பி வரும்வரை துடைக்க வேண்டும். அதன்பின் விரலால்கூடத் தொடக்கூடாது. விரலிலும் எண்ணெய் உண்டு.

ஒன்பது துணி ஆயிற்று. அதற்குமேலும் இரண்டு துணியால் துடைத்தேன்.

* * *

1986 ஏப்ரலில், புதுவருடத்துக்கு இரண்டு நாள் முன்பு, பாஸ் தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். மச்சானின் பின் சில்லைத் தயார் செய்யும் வேலை என்னிடம் வந்தது. முதல் முறையாக என்னை நம்பிக் கொடுத்தது. பழைய பசையை எடு, தேய், துடை, முதல் பூச்சுப் பூசு, காயவிடு, நான் வந்து மிச்சத்தைப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடையில் துடைப்பதற்கென்று ஒரு சிறு போத்தலில் தின்னர் வைத்திருப்பார். அன்று அது காலியாக இருந்தது. வாங்கி வரப் போக வேண்டும். மாலையில் நண்பர்களோடு படம் பார்க்கப் போகும் திட்டம் இருந்தது. செயின் கழுவ வைத்திருந்த மண்ணெண்ணெய்ப் போத்தல் எதிரே இருந்தது. மண்ணெண்ணெயாலும் அழுக்குப் போகிறது, கண்ணுக்குச் சுத்தமாகத்தான் தெரிகிறது. அதில் நனைத்த துணியால் ஒரு சுற்றுத் துடைத்தேன். எமரிக் கடதாசி போடவும் இல்லை. பத்து நிமிடத்தில் பசையின் முதல் பூச்சையும் பூசிவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டேன்.

மண்ணெண்ணெய் காய்ந்ததுபோலத் தெரியும். ஆனால் உலோகத்தின்மேல் ஓர் எண்ணெய்ப் படலத்தை விட்டுவைக்கும். அதன்மேல் பூசிய பசை அந்தப் படலத்தோடு ஒட்டுமே தவிர ரிம்மோடு ஒட்டாது. இது எனக்கு அப்போதே தெரியும். பாஸ் சொல்லிக் கொடுத்திருந்தார். தெரியாமல் செய்த பிழையென்றால் இத்தனை ஆண்டு நெஞ்சில் கிடந்திருக்காது.

திரும்பி வந்த பாஸ் பசை காய்ந்திருப்பதைப் பார்த்தார். அடுத்த பூச்சுகளைப் பூசி டயரை ஏற்றினார். பசை மூடிவிட்ட பிறகு அடியில் என்ன இருக்கிறதென்று எவராலும் பார்க்க முடியாது.

பந்தயத்தில் மச்சான் முதல் பாதி முழுக்க முன்னணியில்தான் இருந்தான். நேர்ப் பாதையில் டயரைப் பிடித்துவைக்க அதன் சொந்த இறுக்கமும் காற்றழுத்தமும் ஏறத்தாழப் போதும். வளைவில் சாயும்போது டயரைப் பக்கவாட்டில் தள்ளும் விசை வரும். ஒட்டு சோதிக்கப்படுவது அங்கேதான். திரும்பி வரும் வழியில், கல்வெட்டுப் பாலத்துக்கு அப்பால் இருந்த வளைவில் பின் டயர் ரிம்மை விட்டு உருண்டது. வெறும் ரிம் தார் வீதியில் சறுக்கியது. மச்சான் தோளோடு போய் விழுந்தான். கழுத்தெலும்பும் மணிக்கட்டும் உடைந்தன. அடுத்த மாதம் கொழும்பு அணியொன்றின் தேர்வுக்கு அவனுக்கு அழைப்பு வந்திருந்தது. கட்டுப் போட்ட கையோடு அவன் போகவில்லை. அதன் பிறகு அழைப்பு வரவும் இல்லை. இரண்டு ஆண்டில் லொறி ஓட்டப் பழகினான். தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றினான். இன்று பொருளாதார மத்திய நிலையத்தில் சிறு வியாபாரம் செய்கிறான். நல்லாகத்தான் இருக்கிறான். ஆனால் மழைக்காலத்தில் இடது தோளைத் தடவிக்கொள்வான்.

ஏப்ரல் வெயிலில் பசை இளகிவிட்டது என்று ஊர் சொன்னது. நம்பக்கூடிய காரணம்தான், பிரேக் சூட்டிலும் வெயிலிலும் பசை இளகுவது உண்மை. ஆனால் பாஸ் அன்று மாலை அந்தச் சில்லைக் கையில் எடுத்துப் பார்த்ததை நான் பார்த்தேன். சூட்டில் இளகிய பசை, பிய்யும்போது நூல் நூலாக இழுபட்டு ரிம்மிலும் டயரிலும் பாதிப் பாதியாக ஒட்டியிருக்கும். இங்கே பசை முழுவதும் தோல்போல டயரோடு உரிந்து போயிருந்தது. ரிம் பளபளவென்று இருந்தது. பாஸ் ரிம்மை மூக்கருகே கொண்டுபோனார். ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு சில்லைச் சுவரில் மாட்டிவிட்டுக் கை கழுவப் போனார்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் கடைக்குப் போனபோது மண்ணெண்ணெய்ப் போத்தல் வழக்கமான மூலையில் இல்லை. என் முன்னால் ஆறு பழைய ரிம்களைப் போட்டு, சுத்தம் செய் என்றார். அந்த மாதம் முழுவதும் வேறு வேலை தரவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. பெறுபேறு வந்து, உயர்தரம் படித்து, பேராதனையில் கலைப் பட்டம் முடித்து, பத்திரிகைக்கு வந்தேன். பாஸ் இறந்தபோது கொழும்பில் இருந்தேன்; மரண வீட்டுக்குப் போனேன். சொல்ல வேண்டியதை அவரிடமும் சொல்லாமலே போயிற்று.

* * *

2003 ஜூலை 14ஆம் திகதி இரவு செய்தி மேசையில் இருந்தேன். டூர் டி பிரான்ஸின் ஒன்பதாம் கட்டம். கடும் வெயிலில் தார் இளகிய மலைப்பாதையில், காப் நகரை நோக்கி இறங்கும்போது ஸ்பானிய வீரர் ஜோசெபா பெலோகி விழுந்தார். மொத்த நிலையில் இரண்டாம் இடத்தில் இருந்தவர். பின் சில்லு சறுக்கி, டயர் ரிம்மை விட்டுக் கழன்றது. தொடையெலும்பு, முழங்கை, மணிக்கட்டு முறிந்தன. பின்னால் வந்த லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங் வயலுக்குள் சைக்கிளை விட்டுக் குறுக்கே ஓடித் தப்பினார். அவருடைய பட்டங்கள் ஊக்கமருந்துக் குற்றச்சாட்டில் 2012இல் பறிக்கப்பட்டது பிறகு நடந்த கதை. அன்று உலகம் முழுவதும் அந்த வயல் ஓட்டத்தைப் பற்றித்தான் பேசியது.

படம் திரையில் வந்தது. வீதியில் கிடந்து அலறும் பெலோகி. நான் மூன்று பந்திச் செய்திக்குத் தலைப்பு எழுத வேண்டும். எழுத முடியவில்லை. பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். பெலோகியின் சில்லை ஒட்டியவருக்கு நேர்ந்த பிழை எதுவும் இல்லை. அங்கே வெயிலும் தாரும் பிரேக்கும் சேர்ந்து செய்த வேலை. ஆனால் அந்த இரவில் எனக்குத் தெரிந்ததெல்லாம் கலேவெலவின் ஒரு வளைவுதான்.

முப்பது ஆண்டுக்கும் மேலாக எத்தனையோ திருத்தங்களைப் பிரசுரித்திருக்கிறேன். நேற்றைய செய்தியில் பெயர் பிழையாக வந்துவிட்டது, திகதி மாறிவிட்டது, வருந்துகிறோம். திருத்தம் போடத் தயங்கும் இளம் நிருபர்களைக் கடிந்திருக்கிறேன். பிழை விடாத பத்திரிகை இல்லை, அதை மறைக்கிற பத்திரிகைதான் கெட்டுப்போகும் என்று அவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். அச்சேறிய ஒரு செய்தியை வாசகன் நம்புவது, அதற்கு அடியில் யாரோ ஒருவர் சரிபார்த்திருப்பார் என்ற நம்பிக்கையில்தான். அந்த அடிவேலையை அவனால் பார்க்க முடியாது. பார்க்க முடியாது என்பதாலேயே அதில் கை வைப்பவனுக்குப் பொறுப்பு அதிகம். இதை நான் பத்திரிகையில் கற்றதாகத்தான் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். அது உண்மையல்ல.

* * *

இரண்டாம் நாள் மாலை ரிம்மிலும் டயரின் அடித்துணியிலும் முதல் பூச்சு. தண்ணீர் ஊற்றுவதுபோல ஊற்றாமல், சிறு தூரிகையால் மெல்லியதாக, ஓரம்வரை. இரவு முழுக்கக் காயவிட்டோம். மூன்றாம் நாள் காலை மறுபடி இரண்டிலும் ஒரு பூச்சு. கனமாக ஒரே தடவையில் பூசினால் மேலே தோல் கட்டி, உள்ளே பச்சையாகவே கிடக்கும். மாலையில் ரிம்மில் மட்டும் கடைசிப் பூச்சு. அது விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதத்துக்கு வந்ததும் டயரை ஏற்ற வேண்டும்.

சில்லைச் சுத்தமான பாயில் நிறுத்தி, வால்வுத் துளை மேலே வரும்படி பிடித்து, வால்வை நுழைத்து, இரு பக்கமும் கைகளால் கீழ்நோக்கி இழுத்து இழுத்துப் பதித்தோம். கடைசியில் ஒரு சாண் மிச்சம் நிற்கும். சில்லைத் தூக்கி வயிற்றில் அண்டக் கொடுத்து, இரு கட்டைவிரலாலும் நெம்பி ஏற்ற வேண்டும். இப்போது மருமகனுக்குப் புரிந்தது, முதல் நாளே டயரை ஏன் இழுபட வைத்தோம் என்று. கொஞ்சம் காற்றடித்து, சில்லைச் சுற்றவிட்டு, டயர் பாம்புபோல நெளியாமல் ஓடும்வரை அங்கங்கே திருத்தினோம். பிறகு முழுக் காற்று. அதன்மேல் உடல் பாரத்தை அழுத்திக் கொஞ்ச தூரம் உருட்டிவிட்டு, ஒரு முழு நாள் தொடாமல் வைத்தோம்.

நான்காம் நாள் மாலை மச்சான் மகனைக் கூட்டிப்போக வந்தான். சில்லுகள் திண்ணைச் சுவரில் சாய்ந்திருந்தன. மருமகன் குளிக்கப் போயிருந்தான். இருவரும் தேநீரோடு உட்கார்ந்தோம். மழை வரும்போல இருந்தது. அவன் தோளைத் தடவினான்.

சொல்லிவிட்டேன். தின்னர் போத்தல் காலியாக இருந்தது, படம் பார்க்கப் போனது, மண்ணெண்ணெய், பாஸ் மணந்து பார்த்தது, எல்லாவற்றையும். வெயில் காரணம் இல்லை, நான்தான் காரணம் என்றேன்.

மச்சான் நெடுநேரம் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தான். தம்புள்ளைப் பக்கமாக லொறிகள் போய்க்கொண்டிருந்தன. கோபப்படுவான் என்று நினைத்தேன். அதெல்லாம் பழைய கதை, விடு என்பான் என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"மகன்ட சில்ல என்னத்தால தொடச்ச?"

"அசற்றோன். பதினொரு துணி."

எழுந்து போனான். பின் சில்லைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனான். காற்றைத் திறந்துவிட்டான். இரண்டு கட்டைவிரலையும் டயரின் ஓரத்தில் வைத்து, நரம்பு புடைக்கத் தள்ளினான். ஓர் இடத்தில் அல்ல, சில்லைத் திருப்பித் திருப்பிச் சுற்றிலும். டயர் அசையவில்லை. ஓரத்தில் ஒரு மயிரிழைகூடத் திறக்கவில்லை. மறுபடி காற்றடிக்க என்னைக் கூப்பிட்டான். நான் பம்ப்பைப் பிடித்தேன், அவன் அடித்தான்.

மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. போகும்போது படலையில் நின்று சொன்னான்:

"ரேசுக்கு லீவு போட்டுட்டு வந்துடு. வெள்ளனவே வா."

போனேன். மருமகன் ஐந்தாவதாக வந்தான். அந்த வளைவில் இப்போது வீதியை அகலமாக்கியிருக்கிறார்கள். மச்சானும் நானும் அங்கேதான் நின்றிருந்தோம்.